அடுத்த ஆயிரம் மெகாவாட்டை எங்கே போடுவது? தமிழக மின்வாரியத்தின் முன் உள்ள வழிகள்

2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அடுத்த ஆண்டுக்குள் மாநிலத்தின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டியிருந்தது. சூரிய மின் திறன் 10,000-ஐ எட்டியது. எண்களைப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிட்டது போலத் தெரியும். ஆனால் அந்தக் காற்றாலைகளில் பெரும்பகுதி நூற்பாலைகளுக்கும் தனியாருக்கும் சொந்தம். வாரியத்தின் சொந்தக் காற்றாலைகள் 17 மெகாவாட் சொச்சம்தான். மீதி மின்சாரத்தை வாரியம் ஒப்பந்தம் போட்டு வாங்குகிறது, அல்லது ஆலைக்காகச் சுமந்து கொடுக்கிறது.

புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைக் கூட்டுவது இப்போது வாரியத்தின் விருப்பத்தைப் பொறுத்ததல்ல. ஒன்றிய அரசு 2023 அக்டோபரில் அறிவித்த அட்டவணைப்படி 2029-30-இல் விநியோக நிறுவனங்களின் மொத்த மின்சாரத்தில் 43.33% இந்த வகையில் இருக்க வேண்டும். அதில் சிறிய அளவிலான, நுகர்வோருக்கு அருகே உற்பத்தியாகும் மின்சாரத்துக்குத் தனிப் பங்கும் உண்டு. 2024-இல் மின்வாரியத்தின் உற்பத்தி, பகிர்மானக் கழகமான டான்ஜெட்கோ பிரிக்கப்பட்டபோது இந்த வேலைக்கென்றே பசுமை எரிசக்திக் கழகம் தனியாக உருவானது. ஆகவே கேள்வி, அடுத்த ஆயிரம் மெகாவாட்டை எந்த வழியில் சேர்ப்பது என்பதுதான்.

வழக்கமாக இந்தக் கேள்விக்கு ஒரு யூனிட் என்ன விலை என்பதை வைத்தே பதில் சொல்கிறார்கள். ஏலத்தில் யார் குறைவாகக் கேட்டார்களோ அவர்களுக்குக் கொடு, முடிந்தது என்கிற கணக்கு. பத்தாண்டுகளுக்கு முன் அது சரியான கணக்கு. இன்று ஒவ்வொரு வழியையும் இரண்டு நேரங்களில் நிறுத்திப் பார்க்க வேண்டும்: பகல் ஒரு மணிக்கு அது என்ன செய்கிறது, இரவு ஏழரை மணிக்கு என்ன செய்கிறது?

பகல் ஒரு மணிக் கணக்கு

ஜூலை மாதத்தில் ஒரு வேலை நாளை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக முழு எண்களாகவே வைத்துக்கொள்ளலாம். இரவு ஏழரைக்குத் தேவை 16,500 மெகாவாட். காற்று 4,000, நீர்மின்சாரம் 1,500, அணு மின்சாரம் 1,300 என்றால், மீதி 9,700 மெகாவாட் அனல் நிலையங்களிலிருந்து வர வேண்டும். மாலையில் இவை வேண்டுமென்றால் மதியம் அணைத்துவிட முடியாது. குளிர்ந்த கொதிகலனை மறுபடி ஏற்றி முழுச்சுமைக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் பிடிக்கும், எண்ணெய்ச் செலவும் அதிகம். ஆகவே மதியத்திலும் அவற்றைக் குறைந்தபட்சச் சுமையான 55 விழுக்காட்டில் ஓட்டியாக வேண்டும். அது 5,335 மெகாவாட்.

மதியத் தேவையும் 16,500 என்றே வைப்போம். அதில் அனல் 5,335, அணு 1,300, காற்று 3,000 போனால் சூரிய ஒளிக்கு மிஞ்சும் இடம் 6,900-க்குச் சற்றுக் குறைவு. 10,000 மெகாவாட் சோலார் நல்ல வெயிலில் ஏறக்குறைய 7,000 தரும். இடம் நிரம்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையோ, மழை பெய்து பம்ப்செட்டும் ஏசியும் ஓடாத நாளோ வந்து தேவை 2,000 மெகாவாட் குறைந்தால், வெளி மாநிலத்துக்கு விற்க வேண்டும், அல்லது மின்சாரத்தின் வரவையும் தேவையையும் சமன் செய்யும் லோடு டிஸ்பாட்ச் மையம் காற்றாலைகளையும் சோலாரையும் பேக்-டவுன் செய்ய, அதாவது உற்பத்தியைக் குறைக்கச் சொல்ல வேண்டும். அப்படி நிறுத்துவது மின்கட்டத்தின் (கிரிட்) பாதுகாப்புக்காக இல்லையென்றால், 2021 விதிகளின்படி உற்பத்தியாளருக்கு இழப்பீடு தர வேண்டும். விற்கலாம் என்றால், அதே நேரத்தில் நாடு முழுவதும் சோலார் பெருக்கெடுத்து மின் சந்தை விலை சரிந்திருக்கும்.

மாலையில் கதை தலைகீழ். ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும் காற்று குறைவு. அந்நேரம் சந்தையில் விலை, ஒழுங்குமுறை ஆணையம் விதித்த யூனிட்டுக்கு ரூ.10 என்ற உச்சவரம்பைத் தொட்டு நிற்கும் நாட்கள் உண்டு. மதியம் ரூ.2-க்கு விற்று, இரவில் ரூ.10-க்கு வாங்கும் நிறுவனத்துக்கு ரூ.2.50 சோலார் மலிவாகத் தெரிவது காகிதத்தில் மட்டுமே. இனி வரும் வழிகளை இந்த வெளிச்சத்தில் பார்ப்போம்.

வெறும் சோலார் ஏலம்

கமுதியில் 648 மெகாவாட் நிலையம் 2016-இல் வந்தபோது விலை யூனிட்டுக்கு ரூ.7.01. மறு ஆண்டே 1,500 மெகாவாட்டுக்கான ஏலத்தில் ரூ.3.47 வந்தது. 2020-இல் குஜராத்தில் ரூ.1.99 வரை இறங்கியது. ஆகவே வாங்குவது சுலபம், விலையும் நிச்சயம், நிலையமும் ஒன்றரை ஆண்டில் எழுந்துவிடும். இந்த வழியின் பலம் இவ்வளவுதான். அது தரும் ஒவ்வொரு யூனிட்டும் ஏற்கெனவே நிரம்பிய மதியத்தில் வந்து விழுகிறது.

ராஜஸ்தானிலிருந்து வாங்கினால் சிறிய லாபம் ஒன்று உண்டு. மே மாதத்தில் ஜெய்சல்மேரில் சூரியன் மறைவது சென்னையைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் பின்னால். நம் சோலார் படுத்த பிறகும் அங்கே கொஞ்சம் உற்பத்தி இருக்கும். ஆனால் மாநிலங்களுக்கிடையேயான கடத்தல் கட்டண விலக்கு 2025 ஜூன் 30-க்குள் இயங்கத் தொடங்கிய நிலையங்களுக்குத்தான் முழுதாகக் கிடைக்கும். பின்னால் வருபவற்றுக்கு ஆண்டுக்கு 25 விழுக்காடாகக் கட்டணம் ஏறும். வெளிமாநிலச் சோலாரை ஒப்பிடும்போது ஏல விலையோடு கடத்தல் கட்டணம், வழி இழப்பு, இடைத்தரகு நிறுவனத்தின் யூனிட்டுக்கு 7 பைசா ஆகியவற்றையும் சேர்த்து, நம் துணைமின் நிலையத்துக்கு வந்து சேரும் விலையைத்தான் எழுத வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஏலம் ஒன்று உண்டு. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசின் சூரிய எரிசக்திக் கழகம், 2,000 மெகாவாட் சோலாரோடு 1,000 மெகாவாட், 4,000 மெகாவாட்-மணி (அதாவது 1,000 மெகாவாட்டை நான்கு மணி நேரம் தரும்) சேமிப்பையும் சேர்த்துக் கேட்டது. வந்த விலை ரூ.3.52. சேமிப்பு இல்லாத சோலாருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு ரூபாயைச் சுற்றித்தான். மாலையில் கிடைக்கும் யூனிட்டுக்காக ஒரு ரூபாய் கூடக் கொடுப்பது எந்தக் கோணத்தில் பார்த்தாலும் லாபம். இந்த விலை வந்த பிறகும் சேமிப்பில்லாத பெரிய சோலார் ஒப்பந்தத்தில் 25 ஆண்டுக்குக் கையெழுத்திடுவது தவறு.

விவசாய ஃபீடருக்கு அருகே சிறு சோலார்

தமிழ்நாட்டில் 23 லட்சத்தை ஒட்டி இலவச பம்ப்செட் இணைப்புகள் இருக்கின்றன. வாரியத்துக்கு இவை பெரிய செலவு. கூடவே, நேரம் மாற்றி ஓட்டக்கூடிய மிகப் பெரிய சுமையும் இவைதான். மின்விளக்கை மதியத்துக்குத் தள்ள முடியாது. கிணற்று மோட்டாரைத் தள்ளலாம்.

ஒரு 11 கிலோவோல்ட் விவசாய ஃபீடரில் (துணைமின் நிலையத்திலிருந்து வயல்களுக்கு வரும் மின்பாதை) 5 குதிரைத்திறன் பம்ப்செட் 400 இருப்பதாக வைப்போம். ஒவ்வொன்றும் லைனிலிருந்து ஏறக்குறைய 4.5 கிலோவாட் இழுக்கும். ஒரே நேரத்தில் 60% ஓடினால் சுமை 1,080 கிலோவாட். ஒரு மெகாவாட் சோலார் இதற்குப் பொருந்தும். நிலம் ஏறக்குறைய நான்கு ஏக்கர். ஆண்டுச் சராசரியில் நாளொன்றுக்கு 4,500 யூனிட் வரும். விவசாயத்துக்கான ஒன்றிய அரசின் சோலார் திட்டமான பிஎம்-குசும்மின் ஃபீடர் பிரிவில் மெகாவாட்டுக்கு ரூ.1.05 கோடி வரை மத்திய உதவி கிடைக்கும். மகாராஷ்டிரா இதையே பெரிய அளவில் எடுத்து, ரூ.3-ஐச் சுற்றிய விலையில் ஆயிரக்கணக்கான மெகாவாட் ஒப்பந்தம் போட்டது. மின்சாரம் 400 கிலோவோல்ட் லைனிலும் 230 கிலோவோல்ட் மின்மாற்றியிலும் ஏறி இறங்காமல் பக்கத்து வயலிலேயே செலவாவதால், கடத்தல் இழப்பு மிச்சம்.

சரியாகச் செய்தால் சிறந்த வழி இதுதான். ஆனால் பல இடங்களில் இது கெட்டுப்போவதும் தெரிந்த காரணங்களால்தான்.

முதலாவது, ஃபீடர் பிரிப்பு. விவசாயமும் ஊர் வீடுகளும் ஒரே ஃபீடரில் இருந்தால் பம்ப்செட்டை மட்டும் பகலுக்குத் தள்ள வழியில்லை. மாலையில் ஒரு முனையை நிறுத்தி மும்முனை மோட்டார்களை ஓடவிடாமல் செய்வது பழைய உபாயம். விவசாயி கண்டென்சர் போட்டு இருமுனையிலேயே மோட்டாரை ஓட்டிவிடுவார். மோட்டார் காயில் கருகும், ட்ரான்ஸ்ஃபார்மர் சூடேறும், வீடுகளில் வோல்டேஜ் விழும். தனிக் கம்பி இழுக்காமல் சோலாரை மட்டும் கொண்டுபோய் வைத்தால் பாதிப் பயன்கூட வராது. ஒதுக்கீட்டில் சோலாருக்கு முன்னால் கம்பத்துக்கும் கம்பிக்கும் பணம் வைக்க வேண்டும்.

இரண்டாவது, இணைக்கும் இடம். நிலையத்தை ஃபீடரின் நடுவில் எங்காவது சொருகினால், மரக்கிளை உரசி ஃபீடர் ட்ரிப் ஆகும்போதெல்லாம் இன்வர்ட்டரும் (பலகையின் மின்சாரத்தை லைனுக்கு ஏற்றதாக மாற்றும் கருவி) நின்றுவிடும். அது பாதுகாப்புக்கான அமைப்பு, மாற்றக் கூடாது. கிராமத்து ஃபீடர் நாளைக்கு நான்கு முறை விழுந்தால், ஒவ்வொரு முறையும் இன்வர்ட்டர் திரும்ப இணையச் சில நிமிடங்கள் காத்திருக்கும். உச்சி வெயில் வீணாகும். துணைமின் நிலையத்தின் 11 கிலோவோல்ட் பஸ்ஸுக்கே (ஃபீடர்கள் கிளம்பும் பொதுக் கம்பிக்கே) தனி லைன் இழுப்பது நல்லது, அதுவும் ஐந்து கிலோமீட்டருக்குள். அதற்கு மேல் போனால் லைன் செலவும் கம்பித் திருட்டும் லாபத்தைத் தின்றுவிடும்.

மூன்றாவது, யாரும் எதிர்பார்க்காத பவர் ஃபேக்டர் சிக்கல். இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு உண்மையான வேலைக்குப் போகிறது என்பதே பவர் ஃபேக்டர். பம்ப்செட் மோட்டார் கிலோவாட்டோடு வினை மின்சாரத்தையும் (மோட்டாரின் காந்தப்புலத்துக்குத் தேவைப்படும், வேலை செய்யாத மின்சாரம்) இழுக்கும். சோலார் கிலோவாட்டை மட்டும் கொடுத்து அதை மேல்கட்டத்திலிருந்து குறைத்துவிடும். வினை மின்சாரம் மட்டும் மேலிருந்தே வரும். மீட்டரில் பவர் ஃபேக்டர் 0.5-க்குக் கீழ் போனதைப் பார்த்து ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். கோளாறு இல்லை, துணைமின் நிலையத்தில் கப்பாசிட்டர் பேங்க் சரியாக வேலை செய்ய வேண்டும், அல்லது இன்வர்ட்டரை 0.95 பவர் ஃபேக்டரில் வினை மின்சாரம் கொடுக்கும்படி அமைக்க வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் கூடுதல் செலவு மிகக் குறைவு.

நான்காவது, விவசாயியின் பக்கத்து நியாயம். கோவை, திருப்பூர்ப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் மெல்ல ஊறும். ஒரு மணி நேரம் ஓட்டி, இரண்டு மணி நேரம் விட்டு, மறுபடி ஓட்டித்தான் தொட்டியை நிரப்புகிறார்கள். அவர்களுக்குப் பகலில் எட்டு மணி நேரம் போதாமல் போகலாம். காவிரிப் பாசனப் பகுதிக்குப் பொருந்தும் நேர அட்டவணையை அப்படியே கொங்குப் பகுதிக்கும் போட்டால் எதிர்ப்பு வரும், வரவும் வேண்டும். மாலை ஆறு முதல் பத்து வரை மட்டும் நிறுத்தம், மற்ற நேரம் வழக்கம்போல் என்பதில் தொடங்குவதே நடைமுறைக்கு ஏற்றது. மின்கட்டத்துக்கு வலிக்கிற நேரம் அந்த நான்கு மணி நேரம்தான். இன்னொன்று: ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட மோட்டார்கள் மின்சாரம் வந்த நொடியில் ஒன்றாகக் கிளம்பும். காலை ஒன்பதுக்கு எல்லா ஃபீடரையும் ஒரே நேரத்தில் ஏற்றக் கூடாது. பத்து நிமிட இடைவெளியில் வரிசையாக ஏற்ற வேண்டும்.

கூரை சோலார்

2024 பிப்ரவரியில் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு ரூ.30,000, இரண்டுக்கு ரூ.60,000, மூன்றும் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம். ஒரு கிலோவாட் போட ஏறக்குறைய நூறு சதுர அடி நிழலில்லாத மாடி வேண்டும். நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் வரும். வாரியத்துக்கு மூலதனச் செலவே இல்லை. நிலத்தகராறும் இல்லை.

தமிழ்நாட்டில் இது மெதுவாக நகர்வதற்குக் காரணம் கட்டண அமைப்பு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் சில படிகளுக்கு மானிய விலை என்று இருக்கும்போது, 300 யூனிட்டுக்குள் ஓட்டும் வீட்டுக்குப் பலகை போட்டு மிச்சம் பிடிக்க அதிகம் இல்லை. 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்குத்தான் லாபம். வாரியத்துக்கு நல்ல விலை தரும் வீட்டு வாடிக்கையாளர்களும் அவர்கள்தான். மாநில அரசின் மானியம் சேராத இந்த வருவாய் குறைவது வாரியத்துக்கு வலிக்கும். அதனால்தான் கீழ்நிலை அலுவலகங்களில் விண்ணப்பங்கள் ஆர்வமில்லாமல் நகர்கின்றன. பகல் யூனிட்டை வரவு வைத்து மாலை யூனிட்டோடு நேர் செய்யும் நெட் மீட்டரிங் முறையில், வாரியம் ரூ.2 மதிப்புள்ள சரக்கை வாங்கிக்கொண்டு ரூ.8 மதிப்புள்ளதைத் திருப்பித் தருகிறது என்பதும் உண்மை.

தொழில்நுட்பத்தில் ஒரே ஒரு தொல்லையை இங்கே சொல்ல வேண்டும். தெரு ட்ரான்ஸ்ஃபார்மரின் டேப் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் படி), மாலையில் கடைசி வீட்டுக்கு வோல்டேஜ் விழாமல் இருக்கத் தூக்கி வைக்கப்பட்டிருக்கும். மதியத்தில் சுமை குறைந்து, ஐந்தாறு வீடுகளின் சோலாரும் உள்ளே தள்ளும்போது அந்தத் தெருவில் வோல்டேஜ் 253-ஐத் தாண்டும். இன்வர்ட்டர்கள் ட்ரிப் ஆகும். "பலகை சரியில்லை" என்று விற்றவரோடு சண்டை நடக்கும். டேப்பை ஒரு படி இறக்கினாலே பல இடங்களில் சரியாகிவிடும். அதற்கு முன் மாலை வோல்டேஜையும் கடைசிக் கம்பத்தில் அளந்து பார்க்க வேண்டும். இறக்க இடமில்லையென்றால் லைனைத் தடிமனாக்க வேண்டும், அல்லது ட்ரான்ஸ்ஃபார்மரைச் சுமைக்கு நடுவே நகர்த்த வேண்டும்.

அலுவலகம், கல்லூரி, மருத்துவமனை, குளிர்பதனக் கிடங்கு என்று பகலிலேயே தேவை இருக்கும் கூரைகளை முதலில் பிடிப்பதே நல்லது. வீட்டுக் கூரை தானாக வளரட்டும். தடுக்காமல் இருந்தால் போதும்.

பழைய காற்றாலையைப் பிடுங்கிப் புதியதை நடுவது

இந்தியாவின் மிகச் சிறந்த காற்று நிலம் ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், பாலக்காட்டுக் கணவாய் வாய்களில் இருக்கிறது. முதலில் கண்டுபிடித்தவர்கள் அங்கே நட்டது 1990-களின் 225, 250 கிலோவாட் காத்தாடிகளை. நாட்டின் மிக நல்ல காற்று, மிகப் பழைய இயந்திரங்களில் சிக்கிக் கிடக்கிறது. இரண்டு மெகாவாட்டுக்குக் கீழான பழைய இயந்திரங்களைக் கணக்கிட்ட தேசிய காற்று ஆற்றல் நிறுவனம், தமிழ்நாட்டில் மட்டும் 7,300 மெகாவாட்டுக்கு மேல் மாற்றத்தக்கவை என்று சொன்னது. எல்லா மாநிலங்களிலும் இதுவே அதிகம்.

அளவைப் பாருங்கள். 225 கிலோவாட் இயந்திரத்தின் இறகுவட்டம் 27 மீட்டர், உயரம் 30 மீட்டர் சொச்சம். இன்றைய 3 மெகாவாட் இயந்திரத்தின் வட்டம் 140 மீட்டரைத் தாண்டும், உயரமும் 140 மீட்டர். துடைக்கும் பரப்பு 28 மடங்கு. உயரம் கூடும்போது காற்றின் வேகம் கால்பங்கு கூடினாலே அதிலுள்ள ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஏனென்றால் ஆற்றல் வேகத்தின் மும்மடியில் ஏறுகிறது. 40 பழைய காத்தாடிகள், மொத்தம் 9 மெகாவாட், 18% பயன்பாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1.4 கோடி யூனிட் தரும். அதே நிலப்பட்டையில் ஆறு புதியவை, 18 மெகாவாட், 35 விழுக்காட்டில் 5.5 கோடி யூனிட் தரும். திறன் இரண்டு மடங்கு, யூனிட் ஏறக்குறைய நான்கு மடங்கு, கூடுதல் நிலம் தேவையில்லை. தென்மேற்குப் பருவத்தில் இந்தக் காற்று மாலையிலும் நிற்பதில்லை என்பதால், இரவு ஏழரைக் கேள்விக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை இது பதில் சொல்கிறது.

கட்டத்துக்கும் நல்லது. பழைய இயந்திரங்களில் இருப்பது சாதாரண இண்டக்‌ஷன் ஜெனரேட்டர். வினை மின்சாரத்தை உறிஞ்சும். எங்கோ ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டு வோல்டேஜ் ஒரு கணம் சரிந்தால் பகுதி முழுவதும் ஒன்றாக விழும். புதியவை அந்தச் சரிவைத் தாங்கி நிற்கும். 2014 ஏப்ரலுக்குப் பின் உயர் அழுத்தத்தில் இணையும் இயந்திரங்களுக்கு விதியும் அதுவே.

பிறகு ஏன் நடக்கவில்லை? இரும்புக்கும் சிமெண்டுக்கும் குறையில்லை; சொத்துரிமைதான் தடை. அந்த 40 காத்தாடிகள் பதினைந்து பேருக்குச் சொந்தமாக இருக்கும். ஒருவரின் நிலத்தில் நடும் புதிய இயந்திரம் நான்கு பேரின் காற்றை மறைக்கும். எல்லோரும் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கி, முந்தைய ஐந்தாண்டு உற்பத்திச் சராசரிப்படி பங்கு பிரித்துக்கொள்வது ஒரு வழி. ஆனால் சொந்தப் பயன்பாட்டு மின்சாரம் என்ற தகுதி நிலைக்க, பயன்படுத்துவோர் கையில் 26% பங்கு இருக்க வேண்டும், 51% மின்சாரத்தை அவர்களே பயன்படுத்த வேண்டும், அதுவும் பங்கு விகிதத்தில் பத்து விழுக்காடு முன்பின்னாக. பதினைந்து பேரில் மூன்று பேரின் ஆலை மூடிக் கிடந்தால் இந்தக் கணக்கு உடையும். அடுத்தது வங்கி வசதி. பழைய காற்றாலைகள் ஜூலையில் கொடுத்த யூனிட்டைப் பிப்ரவரியில் திரும்ப எடுக்கலாம். 2022 பசுமை எரிசக்தி விதிகள் சொல்வது மாத அளவிலான வங்கி, அதாவது அந்தந்த மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். இயந்திரத்தை மாற்றினால் பழைய உரிமை போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை எந்த ஆலை முதலாளியும் ஓடுகிற காத்தாடியைப் பிடுங்க மாட்டார். 2024-இல் மாநில அரசு இதற்கெனக் கொள்கை வெளியிட்டது. அதன் கட்டணங்களை எதிர்த்து உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள்.

இதில் விட்டுக்கொடுக்க வேண்டியது வாரியம்தான் என்பது எங்கள் கருத்து. பழைய இயந்திரம் கொடுத்துவந்த சராசரி யூனிட் அளவுக்கு மட்டும் பழைய வங்கி உரிமையைத் தொடரவிட்டு, கூடுதலாக வரும் நான்கில் மூன்று பங்கை மாதக் கணக்கிலோ வாரியத்துக்கு விற்பனையாகவோ வைத்தால் இரு தரப்புக்கும் இழப்பில்லை. இணையாக, பழைய 33 கிலோவோல்ட் காற்றாலைத் துணைமின் நிலையங்களை இரண்டு மடங்கு மின்சாரத்துக்குப் பலப்படுத்த வேண்டும். 70 மீட்டர் நீள இறகு ஊர்ச் சாலையில் திரும்ப வேண்டும் என்பதையும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பார்க்க வேண்டும்.

சேமிப்பு: பேட்டரியா, மலையா?

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் பழைய அனுபவம் உண்டு. உபரி மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையம் ஒன்று, 4 × 100 மெகாவாட், ஆனைமலையில் காடம்பாறையில் 1980-களின் இறுதியிலிருந்து இருக்கிறது. மேலே காடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு. நீலகிரியில் குந்தா நீரேற்று நிலையம், 4 × 125 மெகாவாட், நீண்ட காலமாகக் கட்டப்பட்டுவருகிறது. அதே நீலகிரியின் சில்லஹல்லா நீரேற்றுத் திட்டம் இன்னும் திட்டமாகவே இருக்கிறது.

நீரேற்று நிலையம் ஆறு, எட்டு மணி நேரம் தொடர்ந்து கொடுக்கும். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். நூறு யூனிட் போட்டால் 75 யூனிட்டைச் சுற்றித் திரும்ப வரும். குறைகள் இரண்டு. காட்டுக்குள் சுரங்கம் தோண்ட அனுமதியும் பாறையும் ஒத்துழைக்க வேண்டும். எட்டு, பத்து ஆண்டு சாதாரணமாகப் போய்விடும். மற்றொன்று, காடம்பாறை போன்ற நிலைவேக இயந்திரம் நீரேற்றும்போது முழுச் சக்தியைத்தான் இழுக்கும். 100 மெகாவாட், 200 மெகாவாட் என்று படிப்படியாகத்தான் உறிஞ்சும்; மேகம் போகிற வேகத்துக்கு ஏறி இறங்காது. தெஹ்ரியில் வந்திருக்கும் மாறுவேக இயந்திரம் இதைச் சரிசெய்யும். இனி மலையில் கட்டும் எதற்கும் மாறுவேகம் கேட்பதே சரி.

பேட்டரியின் விலைச்சரிவு எல்லாக் கணக்கையும் மாற்றிவிட்டது. 2022-இல் சூரிய எரிசக்திக் கழகத்தின் முதல் 500 மெகாவாட், 1,000 மெகாவாட்-மணி ஏலத்தில் மெகாவாட்டுக்கு மாதக் கட்டணம் ரூ.10.83 லட்சம். 2024 தொடக்கத்தில் குஜராத்தில் ரூ.4.49 லட்சம். அந்த ஆண்டு இறுதிக்குள் மத்திய நிதியுதவியோடு நடந்த ஏலங்களில் ரூ.2.5 லட்சத்துக்கும் கீழே வந்தது. இதை யூனிட் விலையாக்கிப் பார்ப்போம். ஒரு மெகாவாட், இரண்டு மணி நேரப் பேட்டரி நாளொன்றுக்கு ஒருமுறை இறங்கினால், 95% தயார்நிலையில் மாதம் 57,000 யூனிட். ரூ.2.5 லட்சத்தை வகுத்தால் ரூ.4.39. ஏற்றும் மின்சாரம் ரூ.2.50 என்றால், 85% திரும்புதிறனில் ரூ.2.94. மொத்தம் ரூ.7.33.

ரூ.10 சந்தை விலையோடு பார்த்தால் இதுவே தேறும். ஆனால் தமிழ்நாட்டுக்கு மட்டும் ஒரு சௌகரியம் உண்டு. காற்றுப் பருவத்தில் நள்ளிரவுக்குப் பின் தேவை படுத்திருக்கும், காத்தாடி சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது இரண்டாம் முறை ஏற்றி, காலை ஆறு முதல் ஒன்பதுக்குள் இறக்கலாம். ஆண்டில் ஐந்து மாதம் இரண்டு சுற்று, ஏழு மாதம் ஒரு சுற்று என்றால் பேட்டரிச் செலவு யூனிட்டுக்கு ரூ.3.10 ஆகக் குறையும், மொத்தம் ரூ.6.04. சோலாரே பெரும்பகுதியாக உள்ள ராஜஸ்தானுக்கு இந்த இரண்டாம் சுற்று இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. ஒப்பந்தத்தில் நாளுக்கு ஒரு சுற்று என்று எழுதிவிட்டு இந்த லாபத்தைத் தொலைக்கக் கூடாது. ஆண்டுக்கு 500 சுற்று என்று எழுதி, எந்த நாளில் எத்தனை என்பதை வாரியத்தின் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இடம் தேர்வதும் முக்கியம். 20 அடிக் கொள்கலன் ஒன்றில் இன்று ஐந்து மெகாவாட்-மணி அடங்குகிறது. 110 கிலோவோல்ட் துணைமின் நிலையங்களில், மாலையில் சுமை தாங்காமல் திணறும் மின்மாற்றி எங்கே இருக்கிறதோ அங்கே வைத்தால், புதிய மின்மாற்றி வாங்கும் செலவும் சில ஆண்டுகளுக்குத் தள்ளிப்போகும். பக்கத்து ஃபீடர்களில் சோலார் இருந்தால் மதிய உபரியும் அங்கேயே ஏறிவிடும். கொள்கலன்களுக்கு நடுவே தீ இடைவெளி, வெள்ளம் ஏறாத மேடை, ஏசிக்குத் தனி மின்சாரம் இவை மூன்றும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். 40 டிகிரி வெயிலில் குளிரூட்டி நின்றால் பேட்டரி தன் திறனைத் தானே குறைத்துக்கொள்ளும், அதுவும் மாலை உச்சத்துக்குச் சற்று முன்பாக. மிகக் குறைந்த விலை கேட்டவர் நேரத்துக்கு முடிக்காமல் விடுவதும் இந்தத் துறையில் நடக்கிறது. வங்கி உத்தரவாதத் தொகையை வலுவாக வைக்க வேண்டும்.

கடல் காற்று

மன்னார் வளைகுடாவின் காற்று அபாரமானது. குஜராத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தலா 500 மெகாவாட்டுக்காக ஒன்றிய அரசு 2024 ஜூனில் ரூ.7,453 கோடி நிதியுதவித் திட்டத்தை ஒப்புக்கொண்டது. இவ்வளவு மானியம் கொடுத்துத்தான் விலையைத் தாங்கக்கூடிய அளவுக்கு இறக்க வேண்டியிருக்கிறது என்பதே நிலவரம். 2030-க்குள் முடிக்க வேண்டிய கணக்கில் இதைச் சேர்க்க வேண்டாம்.

பங்கீடு

ஆயிரம் மெகாவாட்டை எங்கள் கையில் கொடுத்தால், 400 விவசாய ஃபீடர் சோலாருக்கு, 300 காற்றாலை மாற்றத்தில் வரும் கூடுதல் திறனுக்கு, 200 நான்கு மணி நேரச் சேமிப்போடு கூடிய சோலாருக்கு, 100 பகல்நேரக் கட்டடங்களின் கூரைக்கு. சேமிப்பில்லாத பெரிய சோலாருக்கு ஒன்றுமில்லை. இதற்கு இணையாக 500 மெகாவாட் தனிப் பேட்டரி.

வரிசையும் முக்கியம். பேட்டரி ஒன்றரை ஆண்டில் வரும், ஆகவே அதன் ஏலம் முதலில். ஃபீடர் பிரிப்பு வேலையும் அன்றே தொடங்க வேண்டும், ஏனென்றால் சோலார் பலகையைவிடக் கம்பம் நடுவதுதான் தாமதமாகும். காற்றாலை மாற்றத்துக்கு முதல் ஆண்டு முழுவதும் உரிமை ஒப்பந்தங்களிலேயே போகும். ஒரே கணவாயில், ஐம்பது மெகாவாட்டுக்குள், உரிமையாளர்கள் குறைவாக உள்ள ஒரு பட்டையை எடுத்து முதலில் முடித்துக் காட்டினால் மற்றவர்கள் வருவார்கள்.

இந்தப் பங்கீட்டை மாற்றக்கூடிய விஷயம் ஒன்று இருக்கிறது, அது புதிய நிலையம் எதுவும் கேட்காதது. மேலே சொன்ன ஜூலைக் கணக்கில் அனல் நிலையங்களின் குறைந்தபட்சச் சுமை 55-லிருந்து 40 விழுக்காட்டுக்கு இறங்கினால், 9,700 மெகாவாட்டில் 1,455 மெகாவாட் இடம் மதியத்தில் திறக்கும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023 விதிகள் அந்த 40-ஐ நோக்கியே போகின்றன. தூத்துக்குடி, மேட்டூரின் பழைய 210 மெகாவாட் யூனிட்டுகளில் இது சுலபமில்லை: குறைந்த சுமையில் சுடர் நிலைக்காமல் எண்ணெய் ஊற்ற நேரும், குழாய்கள் சூடேறித் தணிந்து களைத்து வெடிக்கும். அவற்றைப் பருவம் முழுக்க நிறுத்திவைத்து, 500, 600, 800 மெகாவாட் யூனிட்டுகளில் மட்டும் சுடர் கண்காணிப்பு, நிலக்கரி அரைவைக் கட்டுப்பாடு, நீராவி வெப்பக் கட்டுப்பாடு ஆகியவற்றைப் புதுப்பிப்பதே புத்திசாலித்தனம். வடசென்னையில் இந்த மாற்றங்களை முடித்து 40 விழுக்காட்டில் ஒரு மாதம் தொடர்ந்து ஓட்டிப் பார்த்த பிறகு, 400-ஆக உள்ள ஃபீடர் சோலாரை 800-ஆக உயர்த்தலாம்.